பால்கோவாவில் மோர்

இரண்டு ஊர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்துவிட்டால் ஒப்பிட்டுப் பேச யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே பஸ்ஸில் போனால் அரை மணி நேரம். அதற்குள் நீங்கள் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிட்டால் போச்சு. இரண்டில் எந்த ஊர் உசத்தி என்ற வழக்குக்கு உங்களை நீதிபதியாக உட்கார வைத்துவிடுவார்கள்.

"அரசாங்க முத்திரையில இருக்கிறது எங்க கோபுரம் சார்" என்று வில்லிபுத்தூர்க்காரர் ஆரம்பிப்பார். "எங்க ஊரு நாய்க்கே ஸ்டாம்ப் போட்டிருக்காங்க" என்று ராஜபாளையத்துக்காரர் பதில் சொல்வார். அது நிஜம்தான். 2005-ல் தபால் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று ராஜபாளையம். உடனே அந்தப் பக்கம் பால்கோவாவை எடுத்து நீட்டும். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று. இந்தப் பக்கம் பஞ்சு மில், மாம்பழம், அதோடு விடாமல் மெட்ராஸ் ராஜ்யத்துக்கு முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜாவையும் கொண்டுவந்து நிறுத்தும். ஆண்டாள் பிறந்த ஊரிடம் இதெல்லாம் செல்லுபடியாகுமா? பஸ் ஸ்டாண்டு வந்த பிறகும் வழக்கு முடியாது.

இந்த வழக்கில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தமிழில் நடக்கும்வரை ஒருவர்கூடத் தடுமாறுவதில்லை. "அதைவிட இது எவ்வளவோ மேல்", "அந்த ஊருக்கு இந்த ஊரு ஆயிரம் மடங்கு தேவலை" என்று வார்த்தைகள் அருவி மாதிரி கொட்டும். அதே ஆள் அதே விஷயத்தை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தால்தான் 'மோர் பெட்டர்' வருகிறது.

ராஜபாளையத்தில் ஒரு செல்போன் கடைக்குப் போயிருந்தேன். விற்பனைப் பையன் பத்தாயிரம் ரூபாய் மாடல்வரை நல்ல தமிழில் விளக்கினான். விலை இருபதாயிரத்தைத் தாண்டியதும் அவனுக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. "திஸ் மாடல் மோர் பெட்டர் சார். பேட்டரி வெரி லாங்கர். கேமரா கம்பேரட்டிவ்லி மோர் கிளியரர்." நான் அந்த மாடலைத்தான் வாங்கினேன். அவன் சொல்ல வந்தது எனக்குத் துளிகூடப் பிசகாமல் புரிந்தது. பேட்டரியும் அவன் சொன்னபடியே வெரி லாங்கராகத்தான் உழைக்கிறது.

விஷயம் செல்போன் கடையோடு போயிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எனக்குத் தெரிந்த குடும்பத்தில் ஒரு பெண். அப்பாவுக்கு மில்லில் ஷிஃப்ட் வேலை. அந்த வீட்டின் முதல் பட்டதாரி. பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ரெண்டு வருஷம் கணக்கு பார்த்தவள். சென்னையில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ராத்திரி ரயிலேறி, காலையில் எழும்பூரில் இறங்கி, வெயிட்டிங் ரூமிலேயே குளித்து, புடவை மாற்றிக்கொண்டு போயிருக்கிறாள். "இப்போது பார்க்கிற வேலையை ஏன் விடுகிறீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார்கள். "யுவர் கம்பெனி இஸ் மோர் பெட்டர் ஃபார் மை ஃபியூச்சர்" என்று சொல்லியிருக்கிறாள். எதிரே இருந்த மூன்று பேரில் ஒருவர், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது. திட்டவில்லை, திருத்தவுமில்லை.

அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் கணக்கு சம்பந்தப்பட்ட கேள்விகள். டேலி, டிடிஎஸ், பேங்க் ரீகன்சிலியேஷன் என்று அவள் தினமும் கைப்பழக்கமாகச் செய்கிற வேலைகள். "எல்லாத்துக்கும் பதில் தெரியும் மாமா. வாயைத் திறந்தா இன்னொரு தப்பு வந்துருமோன்னு யெஸ், நோ மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள்.

வேலை கிடைக்கவில்லை. பேங்க் ரீகன்சிலியேஷன் தெரிந்த ஒரு ஆள் அந்தக் கம்பெனிக்கும் கிடைக்கவில்லை. ஒரு சிரிப்பில் இரண்டு தரப்புக்கும் நஷ்டம்.

பிறகு அவளே கேட்டாள். "மோர்னா அதிகம். பெட்டர்னா நல்லது. அதிக நல்லது. சரியாத்தானே இருக்கு, இதுல எங்க மாமா தப்பு?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் வேண்டுமென்றால் இங்கிலீஷுக்கு முன்னால் தமிழைப் பார்க்க வேண்டும்.

நல்ல பால்கோவா. அதைவிட நல்ல பால்கோவா. எல்லாவற்றையும்விட நல்ல பால்கோவா. மூன்று வாக்கியத் துண்டுகளிலும் 'நல்ல' என்ற சொல் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை பாருங்கள். வாலும் முளைக்கவில்லை, கொம்பும் முளைக்கவில்லை. ஒப்பிடும் வேலையை வேறு யாரோ வெளியில் நின்று செய்கிறார்கள். 'விட' என்பது 'விடு' என்ற வினையிலிருந்து வந்தது. அதை விட்டுவிட்டு இதைப் பார் என்று அர்த்தம். 'காட்டிலும்' என்பதில் காட்டுதல் இருக்கிறது. 'அதைப் பார்க்க இது தேவலை' என்பதில் பார்த்தல் இருக்கிறது. விடுவதும் காட்டுவதும் பார்ப்பதுமாக நாம் ஒப்பிடுகிறோம். பழைய இலக்கணத்தில் இந்த வேலை ஐந்தாம் வேற்றுமைக்கு. நன்னூல் சொல்லும் அதன் பொருள்களில் ஒப்பும் ஒன்று.

இதை வெளியுலகத்துக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொன்னவர், ஒரு வகையில் இந்தப் பக்கத்து ஆள்தான். இடையன்குடியில் இருந்த கால்டுவெல். 1856-ல் வந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இந்தச் சங்கதி இருக்கிறது. ஐரோப்பிய மொழிகள் மாதிரி பெயரடைக்குப் பின்னால் விகுதி ஒட்டி ஒப்பிடும் வழக்கம் திராவிட மொழிகளில் இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார். அவர் எழுதிய காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டுக்குள் பேசுகிற தெலுங்கிலும் இதே கதைதான். 'கண்டே' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு 'மஞ்சி'யை அப்படியே விட்டுவிடுவார்கள்.

ஆக, ஒரு பெயரடைக்குள்ளேயே ஒப்பீடு புகுந்து உட்கார்ந்திருக்கும் என்பது நமக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம். 'குட்' ஒரு சொல், 'பெட்டர்' இன்னொரு சொல் என்றுதான் நம் காது கேட்கிறது. ஒப்பிட வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஏதாவது கொண்டுவர வேண்டும் என்று தமிழ் மூளை கட்டளை போடுகிறது. நாக்கு ஓடிப்போய் 'மோர்' எடுத்து வருகிறது. அந்தப் பெண் தப்பாக யோசிக்கவில்லை. தமிழில் ரொம்பச் சரியாக யோசித்து, அதை இங்கிலீஷில் சொன்னாள்.

அவளுக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான். பாலைக் காய்ச்சிக் கிளறிச் சுண்ட வைத்து இறக்கினால் பால்கோவா. 'குட்'டைச் சுண்டக் காய்ச்சி இறக்கியதுதான் 'பெட்டர்'. அதிகம் என்பது அடுப்பில் இருக்கும்போதே உள்ளே இறங்கிவிட்டது. பால்கோவாவின் தலையில் மறுபடி மோரை ஊற்றினால் என்ன ஆகும்? வில்லிபுத்தூர் பக்கத்துப் பெண்ணுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. சென்னையிலிருந்து திரும்பிய பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

"சரி, மோர் வேணாம். வெரி போடலாமா? வெரி பெட்டர்?"

கூடாது. ஏன் என்று சொல்லாமல் 'கூடாது' என்று மட்டும் சொல்வதால்தான் யாருக்கும் இலக்கணம் பிடிப்பதில்லை. அதனால் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரம் பதினொரு நிலை, ஏறத்தாழ 190 அடி. பார்த்தவுடன் 'வெரி டால்' என்கிறோம். 'வெரி' என்ற சொல்லே பழைய பிரெஞ்சில் 'உண்மை' என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. வெரி டால் என்றால் நிஜமாகவே உயரம். இங்கே ஒரே ஒரு கோபுரம்தான் இருக்கிறது. அதன் உயரத்தைப் பற்றித்தான் பேச்சு.

இப்போது ஸ்ரீரங்கத்துக்கு வாருங்கள். 1987-ல் கட்டி முடித்த ராஜகோபுரம் பதின்மூன்று நிலை, 236 அடி. இது அதைவிட 'டாலர்'. அமெரிக்கப் பணம் இல்லை, டாலுக்கு அண்ணன். இந்த அண்ணன் வாயில் வந்த நிமிஷத்தில் நீங்கள் உயரத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டீர்கள். இரண்டு கோபுரத்துக்கும் நடுவில் இருக்கிற நாற்பது, நாற்பத்தைந்து அடி வித்தியாசத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். வித்தியாசத்துக்கு அளவு சொல்ல வேண்டும். எவ்வளவு? அந்த எவ்வளவுக்கு இங்கிலீஷில் பதில் 'மச்'. அதனால் 'மச் டாலர்'.

உயரத்துக்கு வெரி, வித்தியாசத்துக்கு மச். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்கு நம் வீட்டுத் தமிழே போதும். தமிழில் 'எவ்வளவோ' வருகிற இடத்தில் இங்கிலீஷில் 'மச்' போடுங்கள். 'ஃபார்', 'எ லாட்' போட்டாலும் சரி. நேத்துக்கு இன்னிக்கு எவ்வளவோ தேவலை என்றால் 'மச் பெட்டர்'. 'கொஞ்சம்' வருகிற இடத்தில் 'எ லிட்டில்' அல்லது 'ஸ்லைட்லி'. 'இன்னும்' வருகிற இடத்தில் 'ஈவன்' அல்லது 'ஸ்டில்'. 'நாளுக்கு நாள்' வந்தால் 'பெட்டர் அண்ட் பெட்டர்'. தமிழ் வாக்கியத்தை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், சரியான இங்கிலீஷ் சொல் பின்னாலேயே வந்து நிற்கும்.

இதில் 'ஈவன்' என்பதற்கு மட்டும் தனி மரியாதை உண்டு. பால்கோவா நன்றாக இருக்கிறது, திரட்டுப்பால் இன்னும் நன்றாக இருக்கிறது என்றால் இரண்டையுமே பாராட்டியாயிற்று. 'மச் பெட்டர்' அப்படி இல்லை. முதலாவது சுமார்தான் என்று ஒரு குத்தல் அதற்குள் ஒளிந்திருக்கலாம். அம்மா வைத்த குழம்பைவிட மனைவி வைத்த குழம்பு 'ஈவன் பெட்டர்' என்று சொல்லுங்கள், இரண்டு பேரும் சோறு போடுவார்கள். 'மச் பெட்டர்' என்றால் ஒருவர்தான் போடுவார்.

எண்ணுகிற பொருளானால் 'மச்' நகர்ந்து 'மெனி'க்கு இடம் கொடுக்கும். ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எவ்வளவோ அதிகமான பஸ் விடுகிறார்கள். பஸ்ஸை எண்ணலாம், அதனால் 'மெனி மோர் பஸ்ஸஸ்'. பாலை எண்ண முடியாது, அளக்கத்தான் முடியும். அதனால் 'மச் மோர் மில்க்'. இங்கே மோர் ஊற்றலாமா என்று கேட்காதீர்கள். இந்த மோர் சட்டப்படி வந்தது.

'வெரி' என்று வாய் தவறி வந்துவிட்டது, எதிரில் மேனேஜர் இருக்கிறார், என்ன செய்ய? பதறவேண்டாம். பின்னாலேயே ஒரு 'மச்' சேர்த்துவிடுங்கள். 'வெரி மச் பெட்டர்' சுத்தமான இங்கிலீஷ். 'மோர்' என்று வந்துவிட்டால் 'பெட்டர்' என்று முடிக்காமல் ஒரு நீளமான சொல்லைத் தேடிப் போடுங்கள். 'மோர் யூஸ்ஃபுல்', 'மோர் சூட்டபிள்', 'மோர் கம்ஃபர்டபிள்'. நீளமான சொற்களுக்கு விகுதி ஒட்டாது, அவற்றுக்கு மோர்தான் துணை. அந்தப் பெண்ணும் 'மோர் சூட்டபிள் ஃபார் மை ஃபியூச்சர்' என்று சொல்லியிருந்தால் மூன்று பேரும் தலையாட்டியிருப்பார்கள். 'தி வெரி பெஸ்ட்' என்கிறார்களே என்று கடிதம் எழுதப் பேனாவை எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 'வெரி' தன் பழைய வேலையைத்தான் பார்க்கிறது. நிஜமாகவே முதலிடம் என்று சத்தியம் செய்கிறது.

இத்தனை சுலபமான விஷயம் ஏன் தெரியாமல் போகிறது என்று யோசித்தால், பள்ளிக்கூடத்துப் பாடம் ஞாபகம் வருகிறது. 'டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்' படிக்காதவர்கள் நம்மில் யார்? ஒரு வாக்கியத்தைக் கொடுத்து அதை மூன்று விதமாக மாற்றி எழுதச் சொல்வார்கள். 'நோ அதர்' போட்டு ஒன்று, 'தன் எனி அதர்' போட்டு ஒன்று. சூத்திரம் மாதிரி மனப்பாடம் செய்து முழு மார்க் வாங்கினோம். ஆனால் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், எவ்வளவோ தேவலை என்று சொல்ல அந்தப் பாடத்தில் இடமில்லை. வாழ்க்கையில் நம்மிடம் யாரும் 'நோ அதர்' போட்டு மாற்றிச் சொல்லு என்று கேட்பதில்லை. வலி எப்படி இருக்கிறது, பையன் படிப்பு எப்படி, போன வீட்டுக்கு இந்த வீடு எப்படி என்றுதான் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் எவ்வளவோ, கொஞ்சம், இன்னும்.

இப்போது அந்தச் சிரித்த மனிதரிடம் வருவோம். அவருக்கும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

மோருக்கு மேல் மோர் ஊற்றுவது ராஜபாளையத்தில் ஆரம்பித்த பழக்கம் இல்லை சார். ஷேக்ஸ்பியரே செய்திருக்கிறார். ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆன்டனியின் புகழ்பெற்ற பிரசங்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒரே பெயரடைக்கு முன்னால் 'மோஸ்ட்'டும் போட்டு, பின்னால் 'எஸ்ட்'டும் ஒட்டியிருக்கிறார். அவர் காலத்தில் அது பிழையில்லை, அழுத்தம். 1762-ல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் இலக்கணப் புத்தகம் எழுதி, இப்படி இரட்டிப்பாகப் போடுவது தவறு என்று கண்டித்தார். அவரும் அவரைப் பின்பற்றிய வாத்தியார்களும் பிரம்பை எடுத்த பிறகுதான் அது அநாகரிகம் ஆனது. அதற்கும் தப்பித்துப் பிழைத்தவை உண்டு. 'லெஸ்' என்பதே ஒப்பீட்டுச் சொல். அதற்கு மேல் ஒரு 'அர்' ஒட்டி 'லெஸ்ஸர்'. லௌத்துக்கு அந்தச் சொல் பிடிக்கவேயில்லை. இன்றைக்கு எந்த அகராதியிலும் அது மரியாதையாக இருக்கிறது. 'நியர்' என்பதும் பழைய இங்கிலீஷில் 'பக்கம்' என்ற சொல்லின் ஒப்பீட்டு வடிவம்தான். ஜனங்கள் அதை மறந்துபோய் மறுபடியும் விகுதி ஒட்டி 'நியரர்' ஆக்கினார்கள். அதாவது, இன்றைக்கு நாம் 'பெட்டர்' என்ற சொல்லுக்குச் செய்வதை வெள்ளைக்காரர்கள் 'நியர்' என்ற சொல்லுக்கு என்றைக்கோ செய்து முடித்துவிட்டார்கள்.

அமெரிக்க அரசியல் சட்டம் 1787-ல் எழுதப்பட்டது. அதன் முகப்பு வாக்கியத்திலேயே 'மோர் பெர்ஃபெக்ட்' இருக்கிறது. பெர்ஃபெக்ட் என்றால் குறையே இல்லாதது. குறையே இல்லாததில் என்ன கூடக் குறைச்சல்? அந்த நாட்டில் யாரும் சிரிக்கவில்லை. 2008-ல் ஒபாமா தன் முக்கியமான ஒரு சொற்பொழிவுக்கே அந்த வார்த்தைகளைத் தலைப்பாக எடுத்துக்கொண்டார்.

டெல்லிக்கு வாருங்கள். 'சீனியர்' என்பது லத்தீனில் ஏற்கெனவே ஒப்பீட்டுச் சொல், அதிக வயதானவர் என்று அர்த்தம். நாம் அதன் வாலில் 'மோஸ்ட்' கட்டி 'சீனியர்மோஸ்ட்' ஆக்கினோம். சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி நியமன நடைமுறையிலேயே அந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. இந்திக்காரர்களின் 'பெஹ்தர்' பாரசீகத்து 'பெட்டர்'. அதற்கு முன்னால் ஒரு 'ஜ்யாதா' போட்டு 'ஜ்யாதா பெஹ்தர்' என்று அவர்களும் தினம் சொல்கிறார்கள். அச்சு அசலாக நம் 'மோர் பெட்டர்'. தலைநகரத்தில் சொன்னால் வழக்கு, மில்காரர் மகள் சொன்னால் பிழை.

தமிழுக்கே இரட்டிப்பு பிடிக்கும். வெறும் பச்சை போதாது, பச்சைப்பசேல். வெறும் நடு போதாது, நட்டநடு. சின்னஞ்சிறிசு, புத்தம்புதுசு, கன்னங்கரேல், செக்கச்செவேல். ஒரே பொருளுள்ள இரண்டு சொல் சேர்ந்து வந்தால் அது குற்றமல்ல, ஒருபொருட்பன்மொழி என்று நம் இலக்கணம் பெயர் கொடுத்து நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த குழந்தை இன்னொரு வீட்டுக்குப் போய், ஆசையாக ஒரு சொல்லுக்கு இரண்டு சொல்லாக வைத்துப் பேசுகிறது. அந்த வீட்டு வழக்கம் வேறு என்று பக்குவமாகச் சொல்லித்தர வேண்டியதுதானே?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. டி.வி.யில் ஒருவர் தமிழைக் கடித்துத் துப்பினால் 'ஸ்டைலாப் பேசுறாங்க' என்று ரசிக்கிறோம். 'ழ' வராத குரலுக்கு ரசிகர் மன்றமே இருக்கிறது. இங்கிலீஷில் ஒரு 'மோர்' கூடுதலாக விழுந்தால் மட்டும் ஆளையே எடை போட்டுவிடுகிறோம். அப்படி எடை போடுகிறவர் பெரும்பாலும் வெள்ளைக்காரர் இல்லை. ஒரு தலைமுறை முன்னால் பஸ் ஏறிப் பட்டணம் போனவரின் பிள்ளைதான். அவருடைய அப்பாவும் இதே பஸ் ஸ்டாண்டில், இதே மோரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார்.

என் சித்தப்பாவை ஒரு சமயம் நெஞ்சுவலி என்று ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பையன் புனேயிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருக்கிறான். மருமகள் மராத்திக்காரப் பெண். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நள்ளிரவில் போன் செய்து, "டாக்டரிடம் கேட்டீர்களா, நர்ஸிடம் கேட்டீர்களா?" என்று பதறுகிறாள். எனக்கு நெஞ்சுவலியைப் பற்றி எந்த மொழியிலும் சொல்லத் தெரியாது. டியூட்டியில் இருந்த நர்ஸ் பெண், வில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமம், போனைக் கையில் வாங்கினாள். "டோன்ட் ஒர்ரி மேடம். நவ் மோர் பெட்டர் தன் ஈவினிங். பி.பி. நார்மல். ஹி டுக் டூ இட்லி." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அழுகையும் தேங்க்யூவுமாக ஏதோ கேட்டது. உண்மை, வேகம், ஆறுதல், இரண்டு இட்லி எல்லாம் அந்த நாலு வரியில் போய்ச் சேர்ந்துவிட்டன. அந்த ராத்திரியில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதற்காக அந்த நர்ஸ் 'மச் பெட்டர்' கற்றுக்கொள்ள வேண்டாம் என்று நான் சொன்னால் அதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. நாளைக்கு அவள் பிரிட்டனுக்குப் போக நினைக்கலாம். ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. பரீட்சை எழுத வேண்டும். அங்கே இட்லிக் கணக்கெல்லாம் எடுபடாது, மோர் ஊற்றினால் மார்க் குறையும். 'புரிந்தால் போதும், இலக்கணம் எதற்கு' என்று வசனம் பேசுகிறவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் நல்ல கான்வென்ட்டில் படித்துக்கொண்டிருப்பார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கும்வரை சாவியை எல்லார் கையிலும் கொடுப்பதுதான் நியாயம். இது சின்ன சாவி. ஒரு சாயங்காலத்தில் கொடுத்துவிடலாம்.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் சூட்சுமம். இன்று ராத்திரி சாப்பிடும்போது உங்கள் பிள்ளை, "நியூ டீச்சர் இஸ் மோர் பெட்டர் டாடி" என்று சொல்லலாம். தட்டிலிருந்து தலையைத் தூக்கி "மோர் பெட்டர் இல்லடா, மச் பெட்டர்" என்று வெட்டாதீர்கள். அதோடு டீச்சர் கதை நின்றுபோகும். "அப்படியா, மச் பெட்டரா? ஏன், என்ன பண்றாங்க?" என்று கேளுங்கள். சரியான சொல்லும் காதில் விழுந்தது, பேச்சும் ஓடுகிறது. மொழி கற்பிப்பவர்கள் இதை 'ரீகாஸ்ட்' என்பார்கள். தப்பாக வந்ததைச் சரியாக வார்த்துத் திருப்பிக் கையில் கொடுப்பது. நாம் தமிழ் கற்றதே அப்படித்தான். 'ராக்கா' என்று நீட்டிய பிள்ளையிடம் 'ஆமாண்டா, காக்கா' என்று சொன்னார்களே தவிர, யாரும் பரீட்சை வைக்கவில்லை.

ஆபீஸில் இன்டர்வியூ எடுக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கும் இதே வைத்தியம்தான். எதிரில் இருப்பவர் 'மோர் பெட்டர்' என்றால், "ஓ, மச் பெட்டர்? இன் வாட் வே?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். திருத்தியதும் ஆயிற்று, அவர் வாயும் மூடாது. கணக்கு தெரிந்த ஆளா இல்லையா என்று கண்டுபிடிக்க உங்களுக்கும் வசதி.

அந்தப் பெண் ஒரு நோட்டில் பத்து வாக்கியம் எழுதி எடுத்து வந்தாள். ஒன்பதில் மச், ஃபார், ஈவன், எ லிட்டில் எல்லாம் அதது இடத்தில் இருந்தன. பத்தாவது தமிழில் இருந்தது. 'தப்பா இங்கிலீஷ் பேசுறது, பேசாம இருக்கிறதைவிட எவ்வளவோ தேவலை.'

இதை இங்கிலீஷில் எழுதிப் பாருங்கள். மச் எங்கே வர வேண்டும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.